பன்னிரண்டில் ஒரு பங்கு

தடயம் விடாத குற்றம் என்று இந்தப் பூமியில் ஒன்று கிடையாது. காற்றில் நடந்து போனவனுக்கும் காலடிச் சுவடு உண்டு. பார்க்கத் தெரிந்த கண் ஒன்று இருந்துவிட்டால் போதும், மலையும் வாய் திறந்து வாக்குமூலம் கொடுக்கும். துப்பறியும் நிபுணர் இதை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தபோது, தமக்கு நேர் எதிரே இருந்த தாழ்வான விட்டத்தைப் பார்க்கத் தவறியதால் நெற்றியை அதில் நன்றாக மோதிக்கொண்டார்.

"மாமா, விட்டம் வாக்குமூலம் கொடுக்குது," என்றாள் வாயாடி.

வாயாடி அவருடைய அக்கா மகள். வயது முப்பத்திரண்டு. நீதிமன்றத்தில் ஏழு வருஷம் தட்டச்சு வேலை பார்த்து, நிமிடத்துக்கு அறுபது வார்த்தை வேகத்தில் ஊரார் பொய்களை அடித்துத் தள்ளியவள். அது அலுத்துப்போய் மாமாவிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். அலுவலகப் பலகையில் அவள் பெயருக்கு இடமில்லை. நிபுணரின் பட்டங்கள் விளிம்பு வரைக்கும் போய்விட்டன.

"அடி பட்டுடுச்சா?" என்று எழுந்து வந்தாள் பட்டறையின் சொந்தக்காரி. ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் அரக்குக் கறை. தெருவில் அவளை அங்குலக்காரி என்றுதான் சொல்வார்கள். இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்கிறவள். ஆணி அடிக்க மாட்டாள். இரண்டு பலகைகளின் ஓரத்தில் புறாவின் வால் போலப் பற்கள் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோப்பாள். வஜ்ஜிரப் பசையை மைக்கூடு அளவுச் சட்டியில் காய்ச்சி, துடைப்பக் குச்சி நுனியில் தொட்டு வைப்பாள். இழைப்புளி தீப்பெட்டி நீளம்தான்.

இன்று மாலை நாலு மணிக்கு அவள் போலீஸ் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ஏழடி உயர அலமாரி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது உள்ளே போக வேண்டும். இப்போது மணி பதினொன்றரை.

"எங்கே ஒளிச்சு வெச்சேன்னு கேக்கறாங்க," என்றாள் அங்குலக்காரி. "கூரையே ஆறடிதான், ஏழடி அலமாரி எப்படிங்க நிக்கும்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'படுக்க வைத்து மறைத்திருக்கலாம்'னு எழுதிக்கிட்டாங்க."

நடந்தது இதுதான். பழம்பொருள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் போன வருஷம் அவளிடம் வந்தார். பழைய மரச்சாமான் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளைக் காட்டி, அதில் இருந்த எழுது அலமாரியைப் போலவே ஏழு அங்குலத்தில் ஒன்று செய்யச் சொன்னார். கீழே மூன்று இழுப்பறை, நடுவில் மடக்கி இறக்கும் எழுதுபலகை, மேலே இரட்டைக் கதவு. எட்டு மாசம் உழைத்துச் செய்து கொடுத்தாள். தலைவர் அதைத் தம் வீட்டு ஜன்னல் ஓரம் வைத்துத் தாமே படம் பிடித்தார். சங்கத்தின் நூற்றாண்டு மலரில் முழுப் பக்கத்துக்கு அந்தப் படம் வந்தது. கீழே, "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் நேர்மையை மெச்சி ஓர் ஆளுநர் பரிசளித்த எழுது அலமாரி" என்ற வரி.

அதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. படத்தைப் பார்த்து உருகிப்போன சங்கத்தார், அந்த அலமாரியையே நூற்றாண்டுக் கண்காட்சியின் நடு மண்டபத்தில் வைப்பதென்று கைதட்டித் தீர்மானம் போட்டார்கள். புதன்கிழமை லாரி வரும், தூக்க எட்டு ஆள் வருவார்கள் என்று ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலமாரி திருட்டுப் போய்விட்டது. "அளவு எடுக்கும் சாக்கில் வீட்டுக்கு வந்து போன பெண் தச்சர் மீது சந்தேகம்" என்று தலைவரே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எட்டு ஆள் தூக்க வேண்டியதை ஒரு கைப்பையில போட்டு மறைச்சிட்டாரு. மனுஷன் லாரி வாடகை மிச்சம் பண்ணியிருக்காரு," என்றாள் வாயாடி.

நிபுணர் நெற்றியைத் தடவியபடி மலரைப் பிரித்து வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தார். "அம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்தப் படத்துல ஒரு தப்பு காட்டுங்க. இது சின்ன சாமான்னு காட்டிக்கொடுக்கற மாதிரி ஒரே ஒரு தப்பு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அங்குலக்காரி கண்ணாடியை வாங்கிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. பெருமை ஏற ஏற முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"இல்லைங்க."

"சாவித் துவாரம்?"

"சரியா இருக்கு. சாவி போட்டா பூட்டும்."

"இழுப்பறை மூலை? அவ்வளவு சின்னதுல பல்லு குறைஞ்சிருக்கணுமே?"

"பெரிசுல எத்தனை பல்லோ இதுலயும் அத்தனை. எண்ணிப் பாருங்க."

"எழுதுபலகை? அது தடியாத் தெரியுமே?"

"தேய்ச்சு மெலிசாக்கினேன். பதினேழு உடைஞ்சுது. பதினெட்டாவது நின்னுது."

"கீல்? கீலாவது?"

"பித்தளைத் தகட்டுல நானே வெட்டினது." அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் சரியா இருக்குங்க. என்ன பண்றது, எல்லாமே சரியா இருக்கு."

"அக்கா, உங்களைக் காப்பாத்தணும்னா நீங்க கொஞ்சம் மோசமா வேலை செஞ்சிருக்கணும்," என்றாள் வாயாடி.

"மோசமா வந்திருந்தா அவர் கண்ணுல காட்டாம நானே அடுப்புல போட்டிருப்பேன்."

சுவரோரம் துணிச்சுருள் ஒன்று விரித்துக் கிடந்தது. பென்சில் முனை அகல உளிகள், ஊசி போன்ற அரங்கள், மீசை கத்தரிக்கும் அளவு ரம்பம். எல்லாம் அவளே அடித்து, தீட்டி, கைப்பிடி போட்டவை. அந்த அளவில் எந்தக் கடையிலும் கிடைக்காது. நேற்று வந்த போலீஸ்காரர் அவற்றை எண்ணி, "பூட்டு உடைக்கப் பயன்படும் நுண்கருவிகள், நாற்பத்து மூன்று" என்று பட்டியல் போட்டுவிட்டுப் போயிருந்தார். நாலு மணிக்கு அவளோடு அவையும் வர வேண்டும்.

வாயாடி மலரைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு மரம் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தால் கண் தானாக அங்கே போகும். தட்டச்சுக்காரியின் வியாதி அது.

"இந்த வலது கதவுல மட்டும் என்னக்கா சுழி சுழியா இருக்கு?"

"அது ஈட்டி மரம்," என்று முந்திக்கொண்டார் நிபுணர். "நூறு வருஷம் நின்ன மரத்தோட நடுவுல இப்படி வரி விழும். இதைப் பத்தி நான் ஒரு கட்டுரையே..."

"நான் ஈட்டி மரம் போடலைங்க," என்றாள் அங்குலக்காரி.

"போடலையா?"

"பெரிய மரத்து வரி சின்ன சாமான்ல கயிறு கயிறாத் தெரியும். பாத்த உடனே பொம்மைன்னு சொல்லிடுவாங்க. அதனால வரியே தெரியாத நெருக்கமான மரமா எடுத்து, கஷாயம் ஏத்தி நிறம் கொண்டுவந்தேன். அந்தக் கதவுல ஒரு கோடுகூட இருக்கக்கூடாது." அவள் மறுபடி குனிந்தாள். "என்னது இது?"

பூதக்கண்ணாடியை நெருக்கமாக வைத்தார்கள். சுழி கலைந்து அச்சு மையின் புள்ளிகளாகிவிட்டது. இன்னும் நெருங்கினார்கள். புள்ளிகள் இன்னும் பெரிதாயின. நிபுணர் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளி, மிகத் தெளிவாக, அவரைப் பார்த்தது.

"மாமா, அது மூட்டைப்பூச்சியா இருந்தா இந்நேரம் செத்திருக்கும். வாங்க, அச்சாபீஸுக்குப் போவோம்."

*

அச்சாபீஸ்காரருக்கு அன்றைக்கு மூன்று கண்ணீர் அஞ்சலிகளும் ஒரு தள்ளுபடி விளம்பரமும் கைவசம் இருந்தன. காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி விட்டிருந்த இடத்தில் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார்கள். நிபுணர் தம் பட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். அச்சாபீஸ்காரர் ஒரு தாளை நீட்டி, "விசிட்டிங் கார்டுக்கா? எழுதிக் குடுத்துடுங்க, இவ்வளவும் காதால வாங்க முடியாது," என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தேடி மூலப் படத்தை எடுத்தார். "தலைவர் அனுப்பினது இது. மலர்ல சின்னதாக்கி, வெளிச்சம் ஏத்திப் போட்டோம். இது கைபடாதது."

"வலது கதவு," என்றாள் வாயாடி. "பெருசாக்குங்க."

படம் விரிந்தது. கதவு திரையை நிறைத்தது. வழவழப்பான அரக்கு மெருகில், ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த மெல்லிய வரிகள், நடுவில் சுழி, கீழே வந்து சரிந்து முடியும் விளிம்பு. வாயாடி மெதுவாகத் தன் வலது கட்டைவிரலைத் தூக்கி, திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"கைரேகை!" என்றார் நிபுணர்.

"கட்டைவிரல்," என்றாள் வாயாடி. "கதவு பூராவும் ஒரே கட்டைவிரல். ஏழு அங்குல அலமாரின்னா இது சாதாரணக் கட்டைவிரல். ஏழடி அலமாரின்னா, இந்த விரலோட அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டு."

"அப்படி விரல் இருக்கற ஆளை நம்ம ஊர்ல நான் பாத்ததில்லை," என்றார் அச்சாபீஸ்காரர் யோசித்து. "பாத்திருந்தா மறந்திருக்க மாட்டேன்."

வாயாடி அங்கிருந்தே அங்குலக்காரிக்கு போன் போட்டாள். "அக்கா, கண்டுபிடிச்சாச்சு. உங்க கட்டைவிரல்தான் உங்களைக் காப்பாத்தப் போகுது."

"என் விரலா?" என்றது போன். "இருக்காது."

"கதவுல பதிஞ்சிருக்குக்கா. நல்லாத் தெரியுது."

"இருக்காதுன்னு சொல்றேனே. அரக்கைத் துணிப்பந்துல தொட்டு நாற்பது பூச்சு பூசியிருக்கேன். ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகுதான் அடுத்தது. சாமானை அடியில விரல் கொடுத்துத்தான் தூக்குவேன். முப்பது வருஷத்துல ஒரு மெருகுல என் விரல் பட்டதில்லை. வேணும்னா ஜெயிலுக்குப் போறேன், அதை என் விரல்னு சொல்லாதே."

"அப்போ யாருது?"

"கடைசிப் பூச்சு காயறதுக்கு மூணு நாள் கேட்டேன்," என்றாள் அவள். "அவருக்கு அவசரம். வந்து எடுத்துட்டுப் போனார். கதவை மட்டும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"தொட்டிருக்கார்."

"எட்டு மாசம்மா," என்றாள் அங்குலக்காரி. கைது என்று சொன்னபோது அழாதவள், பட்டியல் போட்டபோது அழாதவள், இப்போது அழுதாள். "ஈர அரக்குல விரலை வெச்சு அழுத்தியிருக்காரே..."

*

ஆட்டோவில் போகும்போது நிபுணர் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். "சிறியதைப் பெரியதிலிருந்து பிரித்தறிவதே துப்பறியும் கலை" என்ற வரியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். ஆட்டோக்காரர் இரண்டாவது என்றார்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். தம் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவருடைய கட்டைவிரலையும் வைக்கச் சொன்னார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சரிதாங்க. ஒத்துக்கறேன். இது ஏழு அங்குலம்தான். எனக்கு முதல் நாளே சந்தேகம். ஏழடி அலமாரி போன வீட்டுல சுவத்துல ஒரு அழுக்குக் கோடாவது இருக்கணும். சுத்தமா வெள்ளையா இருந்துது."

"அப்போ வழக்கை மூடிடலாம்," என்றார் நிபுணர்.

"மூடலாம். ஆனா இது நடுவுல நிக்குதே." இன்ஸ்பெக்டர் ஒரு கோப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். "அலமாரியை நேர்ல பார்த்ததா ஊர்ப் பெரிய மனுஷங்க எழுதிக் கையெழுத்துப் போட்டது. கண்காட்சியில மாட்டி வைக்க 'ஞாபகக் குறிப்பு' வேணும்னு தலைவர் ஒரு விருந்து வெச்சு எழுதி வாங்கியிருக்கார். திருட்டுப் போன அன்னிக்கு அதையெல்லாம் அப்படியே இங்க கொண்டுவந்து சாட்சியாக் குடுத்துட்டார்."

"படிங்க சார்," என்றாள் வாயாடி. நிபுணர் சுவரில் ஒட்டியிருந்த காணாமல் போனவர்கள் படங்களைப் பார்க்க எழுந்து போனார்.

இன்ஸ்பெக்டர் படித்தார். ஓய்வு பெற்ற நீதிபதி சிறுவயதில் அந்த அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியிருக்கிறார். டாக்டருக்கு அதன் மேல்கதவு திறந்து மண்டையில் இடித்திருக்கிறது. தழும்பு இன்னும் இருக்கிறதாம். கல்லூரி முதல்வர் அந்த எழுதுபலகையில் கை வைத்ததும் அவர் உடலில் வரலாறு பாய்ந்திருக்கிறது.

"ஷாக் அடிச்சிருக்கும்," என்றாள் வாயாடி. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஒருத்தர்கூடப் பாக்கலை. பக்கத்து நாற்காலிக்காரர் பாத்திருக்கார்னதும் இவரும் பாத்துட்டார்."

"அதேதான். ஆனா நான் போய், நீதிபதியும் டாக்டரும் பொய் சொல்றாங்க, கட்டைவிரல் நெஜம் சொல்லுதுன்னு எழுத முடியுமா? நாளைக்கே என்னை எங்கேயாவது தூக்கி அடிச்சுடுவாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர் போதும்மா. இதுல ஒரே ஒருத்தர், 'நான் அந்த அலமாரியைப் பார்க்கவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, மத்த குறிப்பெல்லாம் விருந்துக்கு எழுதின மொய்ன்னு நானே தள்ளிடுவேன். அந்தம்மா வீட்டுக்குப் போகலாம்."

மணி மூன்று. வாயாடி போனை எடுத்தாள். முதலில் நீதிபதி. விஷயத்தைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரியா இருக்கலாம்மா," என்றார். "ஆனா முப்பது வருஷம் நான் தீர்ப்புச் சொல்லியிருக்கேன். இப்போ போய் என் ஞாபகத்தை நானே சந்தேகப்பட்டா, உள்ள போனவங்கெல்லாம் என்ன நினைப்பாங்க?" போன் வைக்கப்பட்டது.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். அவருடைய குரல் பின்னாலிருந்து "தியேட்டர்ல இருக்கேன்னு சொல்லு" என்றது தெளிவாகக் கேட்டது. முதல்வர் வெளியூர் போயிருப்பதாக அவரே சொன்னார். சங்கச் செயலாளர், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தாம் சங்கத்தின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றார். ஐந்தாவது ஆள் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அலமாரியை அந்தக் காலத்திலேயே விலைக்குக் கேட்டதாக எழுதியவர். அவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"நான் மட்டும் தனியா மாத்திச் சொன்னா, நான் மட்டும்தான் பொய் சொன்ன மாதிரி ஆயிடாது? மத்தவங்க யாராவது முதல்ல சொல்லட்டும். பின்னாடியே நான் வர்றேன்."

"எல்லாரும் பின்னாடியே வர்றேங்கறாங்க சார்," என்றாள் வாயாடி போனை வைத்துவிட்டு. "முன்னாடி போகத்தான் ஆள் இல்லை." இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு அங்குலக்காரி வந்துவிட்டாள். நாலு மணி என்றால் நாலுக்கு முன்னால் வருகிற ரகம். துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கான்ஸ்டபிள் பட்டியலை எடுத்துவந்து உளிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். எண்ணிய உளியை அவர் மேஜை மேல் போட்டபோதெல்லாம் அவள், "முனை, முனை," என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

"வேற யாருமே இல்லையா சார்?" என்றாள் வாயாடி. "அஞ்சு பேர்தானா?"

இன்ஸ்பெக்டர் கோப்பின் மூலையைச் சுண்டினார். சுவர்ப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஆறாவது ஒண்ணு இருக்கு. அவர்கிட்ட நான் கேக்க முடியாது. நீ வேணா கேட்டுப் பாரு."

தாள் அவள் கைக்கு வந்தது. கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்த எழுத்தைப் படித்து டைப் அடிப்பதுதான் இரண்டு வருஷமாக அவள் பிழைப்பு.

"மாமா."

நிபுணர் காணாமல் போன ஒரு முதியவரின் அடையாளங்களை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இங்க வாங்க."

வந்தார். உட்கார்ந்தார். அவள் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்து, தன் பேனாவை அதன் மேல் வைத்தாள். "ஒரு வரி. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. உங்களுக்கு முன்னாடி யாரும் போக வேண்டாம்."

"விருந்துல எல்லாரும் எழுதினாங்கம்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ஒருத்தர் மண்டையில இடிச்சுதுங்கறார். ஒருத்தர் ஒளிஞ்சு விளையாடினேங்கறார். ஊர்லயே பெரிய துப்பறிவாளர், நான் மட்டும் பாக்கலைன்னா எப்படி? அது போலீஸுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது."

"இப்போ தெரியுமே."

"பலகையில போட்டிருக்கற அத்தனை பட்டத்துக்கும் நான் பதில் சொல்லணும். நாளைக்கு நிதானமா யோசிச்சு..."

"நாளைக்கு அக்கா உள்ள இருப்பாங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். திறக்கிற பக்கம் திருகினாரா, மூடுகிற பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அதைத் தாளின் நடுவில், ஓரங்களுக்குச் சரியான இணையாக வைத்தார்.

கான்ஸ்டபிள் "நாற்பத்து மூணு" என்றார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். அங்குலக்காரியும் எழுந்தாள்.

"அந்த ஆறாவது ஆள் என்னதாங்க எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "தெரிஞ்சுக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து, அலுவல் குரலில் படித்தார். மேற்படி அலமாரியைத் துப்பறியும் நிபுணர் தாமே நேரில் நாடா பிடித்து அளந்ததாகவும், உயரம் ஏழு அடி இரண்டு அங்குலம் என்றும் அதில் இருந்தது.